ஆறு டாலர் குக்கீயில் யாருக்கு எவ்வளவு? கேர்ள் ஸ்கவுட்ஸ் விற்பனை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி பெட்டி. பணமாகச் சொன்னால் சுமார் 80 கோடி டாலர். ஜனவரியில் சூடுபிடித்து ஏப்ரலில் முடிந்துவிடும் வியாபாரம். இதற்கென்று கடை கிடையாது, சம்பளம் வாங்கும் விற்பனையாளர் ஒருவர்கூடக் கிடையாது. விற்பவர்கள் ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரையிலான பெண் பிள்ளைகள். கூட நிற்பவர்கள் அவர்களுடைய அம்மா அப்பாக்கள். அமெரிக்காவின் சாரணியர் இயக்கமான கேர்ள் ஸ்கவுட்ஸின் குக்கீ விற்பனையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தப் பெரிய எண்ணோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் வியாபாரம் கற்றுக்கொள்கிறார்கள், நல்ல விஷயம்தானே என்று இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறோம். நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் வேலை பார்க்கும் நம்மவர்களிடையேகூட, மகளுக்காக ஆர்டர் தாளை அலுவலகத்துக்கு எடுத்துப் போகும் அப்பாக்கள் உண்டு.

இங்கே பார்க்கப் போவது அந்தப் பணம் போகும் வழியை. வாங்குபவர் கொடுக்கும் ஆறு டாலரில் பேக்கரிக்கு எவ்வளவு, அந்தப் பிள்ளையின் குழுவுக்கு எவ்வளவு, நடுவில் இருப்பவர்களுக்கு எவ்வளவு? என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் ஊரிலேயே தங்குவதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். ஒரே சரக்கை, ஒரே பருவத்தை நம்பியிருப்பது அதன் நோய்.

அடுப்பிலிருந்து ஆலைக்கு

ஜூலியட் கார்டன் லோ என்ற பெண்மணி 1912 மார்ச் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் 18 பிள்ளைகளைக் கூட்டி இந்த இயக்கத்தைத் தொடங்கினார். ஐந்து வருடம் கழித்து, 1917-இல், ஓக்லஹோமாவின் மஸ்கோகி ஊரில் மிஸ்ஸில்டோ என்ற குழுவின் பிள்ளைகள் குக்கீ சுட்டு உயர்நிலைப் பள்ளி உணவகத்தில் விற்றார்கள். குக்கீ விற்பனையின் முதல் பதிவு இதுதான்.

அதைவிட எனக்குச் சுவையாகப் படுவது 1922 ஜூலையில் அமைப்பின் சொந்தப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை. சிகாகோவில் அமைப்பின் இயக்குநராக இருந்த ஃப்ளாரன்ஸ் நீல் எழுதியது. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு என்று ஒரு சாதாரண சர்க்கரைக் குக்கீயின் செய்முறையைக் கொடுத்து, கூடவே கணக்கையும் போட்டுக் கொடுத்தார். ஆறேழு டஜன் குக்கீக்குப் பொருள் செலவு 26 முதல் 36 சென்ட். ஒரு டஜனை 25 அல்லது 30 சென்டுக்கு விற்கலாம். அதிகச் செலவு, குறைந்த விலை என்று வைத்துப் பார்த்தாலும் டஜனுக்கு ஆறு சென்ட்தான் செலவு. விற்ற காசில் முக்கால் பங்கு கையில் நின்றது. உழைப்புக்குக் கூலி போடவில்லை, அது வேறு கதை. இந்த முக்கால் பங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1933-இல் பிலடெல்பியாவில் மின்சார, எரிவாயு நிறுவனத்தின் கண்ணாடி ஜன்னல்களுக்குள் வைத்துப் பிள்ளைகள் குக்கீ சுட்டார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்து வாங்கினார்கள். 44 குக்கீ உள்ள பெட்டி 23 சென்ட், ஆறு பெட்டி சேர்த்து வாங்கினால் 1 டாலர் 24 சென்ட். கூட்டம் தாங்கவில்லை. மறு வருடமே பேக்கரியில் கொடுத்துச் சுடவைத்தார்கள். 1935-இல் நியூயார்க் கிளை மூவிலை வடிவத்தில் தனக்கென்று அச்சு வாங்கி, அதில் கேர்ள் ஸ்கவுட் குக்கீ என்று பொறித்தது. 1936-இல் தேசிய அமைப்பு பேக்கரிகளுக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டுக்கு அங்கேதான் அடித்தளம். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரையும் மாவும் வெண்ணெயும் தட்டுப்பாடானபோது, 1944-இல், குக்கீக்குப் பதில் நாட்காட்டி விற்றார்கள். விற்பனை என்ற பழக்கம் சரக்கைவிடக் கெட்டியாக ஊறிப்போயிருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். 1948-இல் உரிமம் பெற்ற பேக்கரிகள் 29. பிறகு அவை குறைந்துகொண்டே வந்தன. 1978-இல் நான்கு, இப்போது இரண்டே இரண்டு: ஏபிசி பேக்கர்ஸ், லிட்டில் பிரவுனி பேக்கர்ஸ்.

பேக்கரி இரண்டாக இருப்பதால் ஒரு வேடிக்கையும் உண்டு. தேங்காயும் கேரமலும் போட்ட அதே மாதிரிக் குக்கீ ஓர் ஊரில் சமோவாஸ், அடுத்த ஊரில் கேரமல் டிலைட்ஸ். மொத்த விற்பனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தின் மின்ட்ஸ் மட்டும். அதன் பெயர் எந்த ஊரிலும் மாறவில்லை. அதில் பாலும் முட்டையும் இல்லாததால் நம் சைவ வீடுகளிலும் அதற்கு இடம் உண்டு.

பெட்டியின் கணக்கு

அமைப்பு மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே நியூயார்க்கில் தேசிய அலுவலகம். நடுவில் மாவட்டம் மாதிரியான பரப்பைக் கவனிக்கும் கவுன்சில்கள், நாடு முழுக்க நூற்றுச் சொச்சம். கீழே ட்ரூப் எனப்படும் குழு: பத்துப் பதினைந்து பிள்ளைகள், அவர்களை நடத்தும் ஓரிரு தன்னார்வலர்கள், பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளையின் அம்மா.

விலையை வைப்பது கவுன்சில். அதனால் ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் ஐந்து டாலராக இருந்தது ஆறாகி, சில இடங்களில் ஏழும் ஆகிவிட்டது. விற்ற விலையில் பேக்கரிக்குப் போவது சுமார் 25 முதல் 35 சதவீதம். மீதி 65 முதல் 75 சதவீதம் கவுன்சிலின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. 1922-இல் ஃப்ளாரன்ஸ் நீல் போட்ட கணக்கிலும் கிட்டத்தட்ட இதே முக்கால் பங்குதான் மிஞ்சியது. நூறு வருடத்தில் அடுப்பு போய் ஆலை வந்திருக்கிறது, மிச்சம் நிற்கும் பங்கு பெரிதாக மாறவில்லை. மாறியது, அந்த முக்கால் பங்கை யார் யார் பிரித்துக்கொள்கிறார்கள் என்பது. அன்று முழுக்கக் குழுவின் கையில் இருந்தது. இன்று குழுவுக்கு நேரடியாக வருவது விற்ற விலையில் 10 முதல் 20 சதவீதம்.

கணக்குக்காக ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். 12 பிள்ளைகள், ஆளுக்கு 150 பெட்டி. மொத்தம் 1,800 பெட்டி, பெட்டி ஆறு டாலர். வசூல் 10,800 டாலர். பேக்கரிக்கு 30 சதவீதம் என்றால் 3,240. குழுவுக்கு 15 சதவீதம் என்றால் 1,620. மீதி 5,940 டாலர் கவுன்சிலுக்கு. பெட்டி ஒன்றுக்குக் குழு பார்ப்பது 90 சென்ட். பிள்ளை ஒன்றுக்கு 135 டாலர்.

முதல் தடவை இந்தக் கணக்கைப் பார்க்கும் பெற்றோர் பலர் கொதித்துப் போவதுண்டு. பிள்ளை குளிரில் நின்று விற்றாள், அவளுக்கு ஆறில் ஒரு டாலர்கூட இல்லையா என்று. கோபம் நியாயம்தான். ஆனால் பாதிதான் நியாயம். கவுன்சிலுக்குப் போகும் பணத்தில்தான் ஏரிக்கரை முகாம்களின் கூரையும் படகும் பராமரிக்கப்படுகின்றன. தன்னார்வலர்களுக்குப் பயிற்சி, அவர்களின் பின்புலச் சோதனை, வசதியில்லாத பிள்ளைகளுக்கு முகாம் கட்டண உதவி எல்லாம் அதிலிருந்தே வருகின்றன. பல கவுன்சில்களின் ஆண்டு வருமானத்தில் குக்கீதான் பெரும்பங்கு. முகாமுக்கே போகாத குழுவுக்கு இது நஷ்டம் போலத் தெரியும். வருடம் இரண்டு தடவை போகும் குழுவுக்குக் கொள்ளை லாபம். இந்த ஏற்றத்தாழ்வைக் கவுன்சில்கள் பெற்றோரிடம் உடைத்துப் பேசுவது குறைவு. பெட்டியின் பக்கவாட்டிலேயே ஒரு படம் போட்டுக் காட்டினால் பாதிச் சண்டை தீரும் என்பது என் எண்ணம்.

இன்னொரு விதி உண்டு, அதுவும் வீட்டில் வாக்குவாதம் கிளப்பும் விதி. குழு சம்பாதித்த பணம் குழுவுக்குப் பொது. 500 பெட்டி விற்ற பிள்ளைக்கும் 20 பெட்டி விற்ற பிள்ளைக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கக் கூடாது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை ஒரு தனியாளின் பையை நிரப்பக் கூடாது என்ற சட்டம் இதற்குப் பின்னால் இருக்கிறது. அதிகம் விற்றவளுக்குத் தனியாகக் கிடைப்பது பேட்ச், பொம்மை, டி ஷர்ட் மாதிரியான பரிசுகள்தான். வயதில் பெரிய பிள்ளைகளின் குழுக்கள் சில, பொம்மை வேண்டாம், அதற்குப் பதில் பெட்டிக்குச் சில சென்ட் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்கின்றன. அமைப்பு இந்த விற்பனையால் வரும் என்று சொல்லும் திறமைகள் ஐந்து: இலக்கு வைப்பது, முடிவெடுப்பது, பணத்தைக் கையாள்வது, மனிதர்களோடு பழகுவது, வியாபார நேர்மை. பொம்மையை விட்டுச் சென்ட்டை எடுத்த அந்தக் கூட்டத்தில் இந்த ஐந்தில் குறைந்தது மூன்று நடந்துவிட்டது.

கராஜில் 150 அட்டைப்பெட்டி

விற்பனை எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இந்த 90 சென்ட்டின் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியும். ஓர் அட்டைப்பெட்டிக்கு 12 குக்கீ பெட்டி. நம் கற்பனைக் குழுவின் 1,800 பெட்டி என்றால் 150 அட்டைப்பெட்டி. அவை வந்து இறங்கும் நாளில் பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றில் லாரிகள் வரிசையாக நிற்கும். குழுவின் குக்கீ மேலாளர், அதாவது இந்தப் பொறுப்பைத் தெரிந்தோ தெரியாமலோ ஏற்றுக்கொண்ட ஓர் அம்மா, வேனோடு போவார். இருக்கைகளை மடக்கி, ஒவ்வொரு வகையாக எண்ணி ஏற்றி, கையெழுத்துப் போட்டு வீட்டு கராஜில் அடுக்குவார். கார் வெளியே நிற்கும், குக்கீ உள்ளே இருக்கும். சாக்லேட் உருகக் கூடாது, எலி வரக் கூடாது.

அப்புறம் பிரித்துக் கொடுக்கும் வேலை. எந்தப் பெற்றோர் எத்தனை பெட்டி எடுத்தார் என்று ரசீது எழுத வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனால், அந்தப் பெட்டிகளுக்கான பணம் அவர் பொறுப்பு. பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. நூறு பெட்டியை ஆர்வத்தில் எடுத்துவிட்டு நாற்பதை விற்க முடியாமல், கடைசியில் சொந்தக் காசைப் போட்டு உறைபெட்டியில் அடுக்கி வைத்துக் கோடை முழுக்கச் சாப்பிடும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பெரிய விற்பனை நடப்பது சூப்பர் மார்க்கெட் வாசலில் போடும் மேசையில். எந்தக் குழுவுக்கு எந்தக் கடை வாசல், எந்த இரண்டு மணி நேரம் என்பதற்குப் போட்டி கடுமை. சனிக்கிழமை மதியம் கிடைத்தால் யோகம், செவ்வாய்க்கிழமை மாலை மழையில் கிடைத்தால் விதி. பெரியவர்கள் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும், பேச வேண்டியது பிள்ளை. ஏழு வயதுக்காரி முதல் பத்து நிமிடம் அம்மாவின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் முகம் சுருங்கும். அரை மணி நேரம் கழித்து அதே பிள்ளை, சாப்பிடாவிட்டால் பரவாயில்லை, ராணுவ வீரர்களுக்கோ உணவு வங்கிக்கோ தானமாகக் கொடுக்கலாம் என்று ஆளை மடக்குவாள். அந்தத் தானப் பெட்டித் திட்டம் நல்ல தர்மம். அதைவிட நல்ல விற்பனை உத்தி. இனிப்பு உடம்புக்கு ஆகாது என்ற சாக்கு அங்கே எடுபடாது.

இணையத்தில் விற்க நீண்ட காலம் அனுமதி இல்லை. 2014 டிசம்பரில்தான் டிஜிட்டல் குக்கீ என்ற தளம் வந்தது. பிள்ளை தனக்கென்று ஒரு பக்கம் வைத்து, இணைப்பைப் பாட்டிக்கும் சித்திக்கும் அனுப்பலாம். வசதிதான். ஆனால் அனுப்புவது யார் என்று பார்த்தால், பாதி வீடுகளில் அப்பாவின் வாட்ஸாப்.

வீடில்லாத பிள்ளைகளின் குழு

2017 பிப்ரவரியில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், வீடிழந்த குடும்பங்களை நகராட்சி தங்க வைத்திருந்த ஒரு ஹோட்டலில் ஒரு குழு தொடங்கியது. தொடங்கியவர் நியூயார்க் கேர்ள் ஸ்கவுட்ஸ் கவுன்சிலிலேயே வேலை பார்த்தவர், ஐந்து குழந்தைகளின் தாய், தானே வீட்டை இழந்து அந்த ஹோட்டலில் இருந்தவர். குழுவின் எண் 6000.

குக்கீ விற்பனையின் ஒரு குறையை இந்தக் குழு வெளிச்சம் போட்டுக் காட்டியது. சாதாரணமாக யார் நன்றாக விற்கிறார்கள்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தெரிந்தவள், அலுவலகத்தில் நாற்பது பேரோடு வேலை பார்க்கும் அப்பா உள்ளவள், கராஜ் உள்ளவள். வீடே இல்லாத பிள்ளைக்கு எந்தப் பக்கத்து வீடு? விற்பனைத் திறமை என்று நாம் மெச்சுவதில் கணிசமான பகுதி, குடும்பத்துக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதுதான்.

2018 ஏப்ரலில் அந்தக் குழு தன் முதல் விற்பனையை மன்ஹாட்டனின் யூனியன் ஸ்கொயரில் உள்ள ஒரு கஃபேயில் வைத்தது. இலக்கு 6,000 பெட்டி. செய்தி பரவி, வாசலில் வரிசை நீண்டது. கடைசியில் 32,500 பெட்டிக்கும் மேல் போனது. பாராட்டாத பத்திரிகை இல்லை.

ஆனால் நிதியை ஆராயும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் குழுவை மற்றக் காப்பகங்களுக்கும் விரிவாக்க நகர நிர்வாகம் 2017-இலேயே பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கிவிட்டது. சந்தா, சீருடை, பேட்ச் எதற்கும் அந்தப் பிள்ளைகளிடம் காசு கேட்பதில்லை. குக்கீ அவர்களுக்கு மேடை கொடுத்தது, குழு தொடர்ந்து நடக்க வேறு பணம் வேண்டியிருந்தது. வசதியான ஊரில் குக்கீயே போதும். தேவை அதிகமான இடத்தில் போதாது.

ஒன்றரைக் கோடி பெட்டி தேங்கியபோது

2021 வசந்தகாலம். கொரோனாவால் மேசை போட முடியவில்லை, பல குழுக்கள் விற்பனையிலேயே இறங்கவில்லை. பருவம் முடிந்தபோது விற்காமல் நின்றது சுமார் ஒன்றரைக் கோடி பெட்டி. அதில் 1 கோடியே 20 லட்சம் பேக்கரிகளிடம், மீதி 30 லட்சம் கவுன்சில்களிடம். உணவு டெலிவரி நிறுவனத்தோடு சேர்ந்து விற்றுப் பார்த்தார்கள், மருத்துவமனைகளுக்கும் உணவு வங்கிகளுக்கும் கொடுத்தார்கள்.

சிக்கல் குக்கீயில் இல்லை, ஆட்களில் இருந்தது. 2019-20-இல் சுமார் 14 லட்சமாக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அடுத்த ஆண்டு பத்து லட்சத்துச் சொச்சமாக இறங்கியது. விற்பவர்தான் உறுப்பினர், உறுப்பினர்தான் விற்பவர் என்ற அமைப்பில் உறுப்பினர் குறைந்தால் வருமானமும் சேர்ந்து விழும். சேவை குறைந்த அதே வருடம் காசும் குறையும். கைகொடுக்க அதற்கு ஈடான இரண்டாவது வருமானம் இல்லை. 2022 அக்டோபரில் பெரும் கொடையாளரான மெக்கென்சி ஸ்காட் தேசிய அமைப்புக்கும் 29 கவுன்சில்களுக்கும் சேர்த்து 8 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்தார். பெரிய கைதான். ஆனால் அந்த மாதிரிக் கை வருடா வருடம் நீளாது.

அதற்கு நேர் எதிரான தொல்லை 2023-இல். ராஸ்ப்பெரி ராலி என்ற புதுக் குக்கீயை இணையத்தில் மட்டும் விற்றார்கள். பல இடங்களில் சில மணி நேரத்தில் தீர்ந்தது. வாங்கிப் பதுக்கியவர்கள் இபேயில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அந்த லாபத்தில் ஒரு சென்ட்கூட எந்தப் பிள்ளைக்கும் வரவில்லை. வாசலில் நின்று முகம் பார்த்து விற்பது ஏன் இன்னும் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கவுன்சில்களின் தன்னாட்சியும் அவ்வப்போது வேடிக்கை காட்டும். 2014 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவக் கஞ்சா விற்கும் கடை வாசலில் ஒரு பிள்ளை அம்மாவோடு மேசை போட்டாள். இரண்டு மணி நேரத்தில் 117 பெட்டி. சந்தையை அறிந்தவள்! உள்ளூர் கவுன்சில் அதைப் பெற்றோரின் முடிவு என்று விட்டுவிட்டது. கொலராடோ கவுன்சில், எங்கள் எல்லையில் இதெல்லாம் கூடாது என்று அறிவித்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள்

வியாபார நேர்மை என்று பாடம் சொன்னால் பிள்ளைகள் அதைத் திருப்பி நம்மிடமே கேட்பார்கள். மிச்சிகனில் இரண்டு பிள்ளைகள் 2007-இல் ஒராங்குட்டான் குரங்குகளைப் பற்றி ஆராயப் போய், அவற்றின் காட்டை அழித்துப் பயிராகும் பாமாயில் தாங்கள் விற்கும் குக்கீயிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். விற்பதை நிறுத்திவிட்டு, மாற்றக் கேட்டு வருடக்கணக்கில் இயக்கம் நடத்தினார்கள். 2011-இல் தேசிய அமைப்பு பாமாயில் கொள்கை ஒன்றை அறிவித்தது. 2012-இல் ஐநா அந்த இருவரையும் கௌரவித்தது. ஆனால் 2020 டிசம்பரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வு, இந்தோனேசிய, மலேசியப் பாமாயில் தோட்டங்களின் குழந்தை உழைப்பை இதே குக்கீகளின் விநியோகச் சங்கிலியோடு தொடர்புபடுத்தியது. இங்கே ஒரு சிறுமி விற்க, அங்கே ஒரு சிறுமி கொட்டை பொறுக்க. இவ்வளவு பெரிய கொள்முதலைக் கையில் வைத்திருக்கும் அமைப்பு பேக்கரிகளை இன்னும் கடுமையாக நெருக்கியிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

80 கோடி விற்றும் சந்தா ஏன் ஏறியது

2024 அக்டோபரில் அமைப்பின் பிரதிநிதிகள் கூடி, ஆண்டுக்கு 25 டாலராக இருந்த உறுப்பினர் சந்தாவை உயர்த்த ஒப்புதல் கொடுத்தார்கள்: 2026-க்கு 45, 2027-க்கு 65. பெற்றோரிடமிருந்து எழுந்த முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான். அவ்வளவு குக்கீ விற்கிறோமே, அந்தப் பணமெல்லாம் எங்கே?

பதில் மேலே பார்த்த கணக்கிலேயே இருக்கிறது. பெட்டியின் விலையில் தேசிய அலுவலகத்துக்கு நேரடிப் பங்கு கிடையாது. பேக்கரிகள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தக் கட்டும் உரிமத் தொகைதான் அதற்குக் குக்கீயால் வரும் வருமானம். மற்றபடி அது பெரிதும் சந்தாவை நம்பியே ஓடுகிறது. உறுப்பினர் குறைந்தபோது அதன் பை காலியானது. ஊரில் தங்கிய குக்கீப் பணத்தை எடுத்து அதை நிரப்ப வழியில்லை. உள்ளூருக்குப் பலமாக இருந்த அதே விதி, தலைமைக்கு முட்டுக்கட்டையாக நின்றது.

குழுக்கள் இந்தச் சுமையைப் பழையபடி குக்கீயின் தலையிலேயே ஏற்றலாம். குழுவின் பணத்தில் பிள்ளைகளின் சந்தாவைக் கட்ட அனுமதி உண்டு. நம் கற்பனைக் குழுவின் 90 சென்ட் கணக்கில், 25 டாலர் சந்தாவுக்கு ஒரு பிள்ளை 28 பெட்டி விற்றால் போதுமாக இருந்தது. 65 டாலருக்கு 73 பெட்டி விற்க வேண்டும். ஆளுக்கு 150 பெட்டி விற்கும் குழுவில் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விடும், முகாமுக்கும் பயணத்துக்கும் மிஞ்சுவது மற்றப் பாதி. ஆளுக்கு 60 பெட்டி மட்டும் விற்க முடிகிற ஊர்களில் சந்தாவே நிறையாது.